உள்ளே காற்று அடிக்குமா

க்டான்ஸ்க் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம்
கிரேன் ஓட்டியவர் லெஷெக்.
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டிலிருந்து
கப்பல் கப்பலாக இறக்கியிருக்கிறார்.
ஒரு பெட்டியையும் தொட்டதில்லை.

மயக்க மருந்துக்கு முன்
அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"உள்ளே காற்று அடிக்குமா?"
யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசை.
நான் சிரித்தேன்.
டாக்டர் யாக்னா யோசித்துவிட்டுச் சொன்னார்:
"அடிக்கும். அதனால்தான் நிறுத்திவிடுகிறோம்."

வலது விலா இடுக்கில் சின்னச் சின்னத் துளைகள்.
நான்கு கைகள் இறங்கின.
ஒன்றிலும் ரேகை இல்லை.
கைராசி என்று இனி எதைப் பார்த்துச் சொல்வது?

மூன்று மீட்டர் தள்ளி
எங்களுக்கு முதுகு காட்டி
முகத்தைப் பெட்டிக்குள் புதைத்து
செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார் யாக்னா.
மிதிகட்டையில் பச்சைக் காலுறை,
பெருவிரல் பக்கம் ஓட்டை.
உடம்புக்கு அருகே நின்று
ஊசி கொடுத்து ஊசி வாங்கியவன் நான்.

பத்து பன்னிரண்டுக்கு இதயம் நின்றது.
நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன்,
எத்தனை முறை பார்த்தாலும்
அந்த ஒரு நிமிடம் பழகுவதில்லை.

திரையில் வால்வு.
நாண் ஒன்று அறுந்து
பின்னிதழ் மேலே புரண்டு கிடந்தது,
கயிறு விட்ட பாய் மாதிரி.
வெள்ளை நூலில் புது நாண்கள் கட்டினார்.
இறுக்கம் அவர் விரலுக்கு எட்டாது.
நூல் நிமிர்கிறதா, இதழோரம் வெளுக்கிறதா,
கண்ணாலேயே எடைபோட வேண்டும்.

உப்புநீர் நிரப்பிப் பார்த்தோம்.
மூலையில் ஒரு கசிவு,
கண்ணீர் என்றுகூடச் சொல்ல முடியாத அளவு.
போதுமே என்று எனக்குத் தோன்றியது.
என்னை யாரும் கேட்கவில்லை.
பெட்டியிலிருந்து முகம் எடுக்காமல்
"கத்தரி" என்றார்.
முடிச்சை வெட்டி
ஒரு மயிரிழை இறக்கி
மறுபடி கட்ட
பதினொரு நிமிடம்.
இந்த முறை நீர் நின்றது,
ரகசியம் தெரிந்த வாய் மாதிரி.

கவ்வியை எடுத்ததும்
முதலில் வெறும் நடுக்கம்.
அப்புறம்
காற்று.

நான்காம் நாள் ஜன்னலோரம் நின்றிருந்தார் லெஷெக்.
தூரத்தில் கிரேன்கள் அசையாமல்.
"பலத்த காற்று," என்றார், "வேலை நிறுத்தியிருப்பான்கள்."
யாக்னா சட்டையை விலக்கி
தையலருகே விரல் வைத்துப் பார்த்தார்.
துள்ளி விலகினார் மனிதர்:
"ஐயோ, என்ன ஜில்லிப்பு!
அந்த மெஷினே தேவலை, டாக்டர்."