உறை

ஐந்து நாற்பதுக்கு செயின்ட் வைட்டல் முனையம்.
அடுத்த சுற்றுக்கு ஏழு நிமிடம்.
வினிபெக்கில் மைனஸ் முப்பத்து நான்கு,
வண்டியை அணைத்தால் எழும்பாது.
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுப் பார்க்கிறேன்,
யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று.

டார்வினில் இரவு ஒன்பது தாண்டிவிட்டது.
மங்களேஸ்வரியின் செருப்பில் பூஞ்சணம் பூத்திருக்கிறது.
படமும் அனுப்பியிருக்கிறாள்,
இளம்பச்சை, அழகாகத்தான் இருக்கிறது.
தோஹாவில் காலையில் மூடுபனி.
முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே
அலுவலகம் போய்ச் சேர்ந்தாளாம் ருஷ்தா.
தூத்துக்குடியில் இருதயராஜ் டீ குடிக்கிறான்.
எங்கோ ஒரு கடலில் சண்டை,
கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகின்றன,
மூன்று நாளாக அவனுக்கு ஓவர்டைம் இல்லை.
உலகச் செய்தி எங்களுக்கு இப்படித்தான் வரும்,
யாராவது ஒருவரின் சம்பளத்தில் கைவைத்தபடி.

ஆறு வருடத்துக்கு முன் நான் கேட்டது ஒரே கேள்வி:
இந்த ஊரில் ஆறு உறைந்துவிட்டது,
தயிர் உறைய மாட்டேன் என்கிறது,
என்ன செய்ய?

அவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வை என்றாள் ருஷ்தா.
மிளகாய்க் காம்பு ஐந்து என்றான் இருதயராஜ்,
பிறகு நாலு என்று திருத்தினான்.
உனக்கு உறையவில்லை, எனக்கு
மத்தியானத்துக்குள் புளித்துப் பொங்குகிறது என்று
மங்களேஸ்வரி தன் கதையைத் தொடங்கினாள்.
உறையை ஓர் உறையில் போட்டு அனுப்பட்டுமா என்று கேட்டவர்
பரநிருபசிங்கம்.
சுங்கத்தில் பிடிப்பார்கள் என்று எல்லோரும் பாய்ந்தோம்.

எந்த ஊர் என்று அவர் சொன்னதே இல்லை.
"இங்கே தூறல்" என்பார்.
வற்புறுத்திக் கேட்டால் பால் விலை சொல்வார்,
அதையும் எந்த நாட்டுப் பணத்தில் என்று சொல்லாமல்.

இந்த மாதத் தொடக்கத்தில் பசிபிக் ஓரத்தில் நிலம் ஆடியது.
ஏழு புள்ளி ஒன்று.
ஹாக்கி முடிவுகளுக்குப் பிறகுதான் வானொலியில் சொன்னார்கள்.
நாலு பேரும் எழுதினோம்: இருக்கிறேன்.
ஆடிய இடத்துக்கு அருகில் நாங்கள் யாரும் இல்லை,
இருந்தும் எழுதினோம்.
அவர் எழுதவில்லை.

மூன்றாம் நாள் ருஷ்தா
ஆறு வருடத் தூறலையும் தேதிவாரியாகத் தொகுத்தாள்,
தணிக்கைக்காரி அல்லவா.
அந்தந்த நாளில் உலகத்தில் எங்கெங்கே மழை என்று
பங்கு போட்டுத் தேடினோம்.
எனக்கு விழுந்தது பெர்கன். அது ஒரு ஜூன் மாதத்தில் பொய்த்தது.
மிஞ்சியவை இரண்டு:
சிலியில் வால்டிவியா,
அது இல்லையென்றால் பிரின்ஸ் ரூப்பர்ட்,
இதே நாடு, என் கடிகாரத்துக்கு இரண்டு மணி பின்னால்.
உள்நாட்டுத் தபால்தலை ஒன்று போதுமாயிருந்திருக்கும்.
அதை நினைத்தபோது அவர்மேல் கொஞ்சம் கோபம் வந்தது.

முதல் நிறுத்தத்தில் ஒரு துப்புரவுக்காரப் பெண் ஏறுவாள்.
குளிர், இல்லையா? என்பாள்.
ஆமாம், குளிர் என்பேன்.
அதற்கு மேல் எங்களுக்குள் எதுவும் கிடையாது.
போன செவ்வாய் அவளைக் காணவில்லை.
கதவை அரை நிமிடம் கூடுதலாகத் திறந்து வைத்திருந்தேன்.
உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்,
நியாயம்தான்.

பன்னிரண்டாம் நாளான இன்று,
ஐந்து நாற்பத்து நான்குக்கு,
என் கைக்குள்ளேயே வந்து விழுகிறது:
"தூறல். பல் இரண்டு பிடுங்கினார்கள், காய்ச்சல் வேறு.
அங்கே உறைந்ததா?"

ருஷ்தா உடனே திட்டத் தொடங்கிவிட்டாள்,
வரிக்கு மேல் வரி.
மங்களேஸ்வரி செருப்பின் படத்தையே மறுபடி அனுப்புகிறாள்,
வேறு எதுவும் கையில் அகப்படவில்லை போல.
வால்டிவியாவா ரூப்பர்ட்டா என்று
யாரும் கேட்கவில்லை.

ஆற்றைக் கேட்கிறாரா, தயிரையா?
ஆம் என்று மட்டும் தட்டினேன்.
பாதி பொய்.
நேற்று வைத்தது நூல்நூலாய்த்தான் வந்திருந்தது,
உப்புப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டுத்தான்
வண்டியெடுத்தேன்.