கதவடைப்பு

வண்ணார்பேட்டைப் பாலத்துக்குக் கீழே
எங்கள் நான்காம் நிலையம்.
நிலையம் என்றால் ஒரு பாறை.
மைதீன் பிச்சை ஆட்டோவுக்கு அடித்த
மிச்ச மஞ்சளில் 4 என்று எழுதியது.
வெள்ளம் முக்கோணத்தைத் தின்றுவிட
இப்போது கால் மட்டும் நிற்கிறது.

ஞாயிறு ஆறரைக்கு
முழங்கால் வரை இறங்கி
ஓட்டத்துக்கு எதிர்முகமாய்க் குப்பியைச் சாய்த்து
தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும்.
ஒரு குமிழி நின்றாலும் கொட்டிவிட்டு
முதலிலிருந்து.
குமிழி கரையின் காற்று.
நாங்கள் கேட்பது ஆற்றின் காற்றை.

மருந்து விட்டதும்
உள்ளே பழுப்பாய் ஒரு மேகம் திரளும்.
வெள்ளையாய்த் திரண்டால்
ஜெபஸ்லின் அன்று பேசமாட்டாள்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
ராத்திரிப் பணி முடித்து
நேரே ஆற்றுக்கு வருகிறவள்.
அமிலம். பிறகு கஞ்சி. நீலம்.
அந்த நீலம் சாகும்வரை எண்ணுகிற சொட்டுகள்தான்
மீனுக்குக் கிடைக்கிற மூச்சு.

“ஆறு புள்ளி இரண்டு” என்பாள்.
எழுதுவேன்.
ஆறு, ஆறுக்குக் கீழே இறங்கக் கூடாது.

துணி பிழிகிற ஆவுடைத்தாய் கேட்பாள்:
“ஏ தாயி, ஆத்துக்கு சுகர் எம்புட்டு இருக்கு?”
சிரிப்போம்.
பிறகு பிழிந்ததை உதறி
அதே தண்ணீரில் வாய் கொப்பளிப்பாள்.

கிருமிக் குப்பி என் வீட்டுக்கு வரும்.
அடுப்புக்குப் பக்கத்தில், வெதுவெதுப்பான மூலையில்.
திங்கள் விடிய கறுத்திருக்கும்.
ஒருநாள் மச்சினன் டிகாஷன் என்று
மூடியைத் திருகிவிட்டான்.
அன்றிலிருந்து சீட்டு ஒட்டுகிறேன்:
குடிக்காதே. இது ஆறு.
ஒட்டிவிட்டுக் குழாயைத் திறந்து
பசையைக் கழுவுகிறேன்.

நூற்றுப் பதினெட்டு ஞாயிறு.
ஒன்றில் மட்டும் எதுவும் இல்லை.
மைதீன் பிச்சை மகளுக்கு நிக்காஹ்,
ஜெபஸ்லினுக்கு இரட்டைப் பணி,
எனக்குக் காய்ச்சல்.

அந்தப் புதன்கிழமைதான்
வளைவில் கெண்டைகள் வயிறு காட்டி மிதந்தன.
கேட்டவர்கள் எல்லோரும்
அந்த ஞாயிறைத்தான் கேட்டார்கள்.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன்.
வீடு பூட்டிக் கிடந்தால்
முந்தின கணக்கைப் போட்டுவிட்டு
அடுத்த தெரு போவோம்.
இருபத்திரண்டு வருடமாய் அப்படித்தான்.
யாரும் செத்ததில்லை.

முந்தின வாரம் ஆறு புள்ளி ஒன்று.
அடுத்த வாரம் நாலு புள்ளி மூன்று.
நடுவில் ஒன்றைப் போட
என் கைக்கு ஒரு நொடி போதும்.
பேனாவின் மூடியைக் கழற்றியும்விட்டேன்.

“போடுங்களேன் அண்ணாச்சி,
அஞ்சு ரெண்டுதான் வரும்” என்றான்
புதிதாய்ச் சேர்ந்த கல்லூரிப் பையன் லெட்சுமிகாந்தன்.
கணக்கு சரிதான்.

ஆனால் ஆறு
கதவைப் பூட்டிக்கொண்டு
எங்கேயும் போயிருக்கவில்லையே.

கட்டம் அப்படியே இருக்கிறது.
மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒருவர்
அதன்மேல் விரலை வைத்து
என்னைப் பார்த்தார். வெகுநேரம்.
மற்ற நூற்றுப் பதினேழையும்
அவர் பார்க்கவில்லை.

இன்று கலங்கல். மேலே எங்கோ மழை.
தண்ணீர் கெண்டைக்காலைத் தள்ளுகிறது.
மூடியைத் திருகி
வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன்.
கழுத்தோரம் கடுகளவு குமிழி.

கொட்டுகிறேன்.