பத்து லட்சத்து ஒன்பது

ஆர்டர் தாளில் அப்படித்தான் இருந்தது:
நீல ஓடு, பத்து லட்சம்.
கீழே பென்சிலில், "உடைந்தால் மாற்ற, ஒன்பது."
பத்து லட்சத்தில் ஒன்பதுதான் உடையும் என்று நம்பியவர்
அவெய்ரோ துறைமுகத்தின் கருங்கல் சாலையில்
ஒருமுறைகூட வண்டி ஓட்டியிருக்க மாட்டார்.

பெட்டிக்குப் பெட்டி சமமாக வேண்டும், மிச்சம் கூடாது
என்றார் கப்பல் ஏஜெண்டு யூரிக்கோ.
கிடங்குக் கணக்கு என்னுடையது.

ஏழால் வகுத்தேன், மூன்று மிச்சம்.
பதினொன்றுக்கு ஒன்றே ஒன்று குறைந்தது,
கடைசிப் படகை ஒரு நிமிடத்தில் விட்ட மாதிரி.
பதினேழுக்கு ஒன்று மிச்சம். பத்தொன்பதுக்கும் ஒன்று.
நாற்பத்து மூன்றுக்கும் அதே ஒன்று,
விடைபெற்ற பிறகும் வாசலிலேயே நிற்கும் விருந்தாளி.
நூறைத் தாண்டும்போது காபி ஆறியிருந்தது.
இருநூறில் மழை பிடித்துக்கொண்டது.
பகா எண் என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

தூக்கம் வரவில்லை.
நாலால் வகுத்து ஒன்று மிஞ்சும் பகா எண்ணை
இரண்டு சதுரமாகப் பரப்ப
ஒரே ஒரு வழிதான் உண்டு.
அந்த வழி கண்ணெதிரே கிடந்தது:
ஆயிரத்துக்கு ஆயிரம், பக்கத்தில் மூன்றுக்கு மூன்று.
ஒரு உப்பளம், அதன் ஓரத்தில் ஒரு கல் உப்பு.
இன்னொரு சாட்சி வந்தால் வழக்கு உடையும்.

ஒவ்வொரு வரிசையாகக் கழற்றினேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, இல்லை.
தொண்ணூற்றெட்டு, இல்லை.
இருபத்தெட்டாவது முறை,
தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில்,
மீந்த ஓடுகள் நகர்ந்து நகர்ந்து
இருநூற்று முப்பத்தைந்துக்கு இருநூற்று முப்பத்தைந்தாக
மூலை பிசகாமல் உட்கார்ந்தன.

ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த ஊர்.
பிறகு அது தானாகவே ஒப்புக்கொண்டது:
இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று,
அதை மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று முறை.
விடிய நேரமிருந்தது.
யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது,
தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

காலையில் தச்சர் பெல்மீரு சிரித்தார்.
"பெட்டிக்கு இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றா? எத்தனை வரிசை?"
ஒரே வரிசை. அதுவும் பகா எண்தான்,
அப்பனிடமிருந்து பிரிந்தும் பிடிவாதம் விடவில்லை.
பதினேழுக்குப் பதினேழு பரப்பி
மேலே இரண்டுக்கு இரண்டு வையுங்கள் என்றேன்.
"கொண்டை போட்ட பெட்டியா, தியோலிந்தா?"
ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

யூரிக்கோ ஒன்றைக் குறைத்தார். அவ்வளவுதான்.
பத்து லட்சத்து எட்டு,
இரண்டு கேட்டாலும் மூன்று கேட்டாலும்
நேற்றிரவு ஒன்றை மிச்சம் வைத்த எல்லோரும் கேட்டாலும்
முகம் சுளிக்காமல் பங்கு கொடுக்கும்.
பெட்டிக்கு எழுபத்திரண்டாகக் கப்பலேறியது.

குறைத்த அந்த ஒன்று என் மேஜையில்,
காபிக் கோப்பைக்கு அடியில்.
சூளையில் ஒரு ஓரம் லேசாக வளைந்துவிட்டது.
கோப்பையை வைத்தால்
கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத்தான் நிற்கும்.