ஐம்பதில் தொடங்கவும்

ஐரி நகரத்து நெடுஞ்சாலை ஓட்டல்,
சன்னலில்லாத கூடம்.
யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவாகாத
இருபத்தெட்டுப் பெண்கள்.
ஆளுக்கொரு ஆறிப்போன கோழி சாண்ட்விச்,
எழுபத்தைந்து டாலர் வைத்த உறை,
உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி.
அதில் ஒரு குமிழ்.
பிடித்தால் வலப்பக்கம் திருகு,
பிடிக்காவிட்டால் இடப்பக்கம்.
தொடக்கம் ஐம்பது.

பேட்டரி போடுவது, எண் ஒட்டுவது,
எல்லாம் முடிந்ததும் துடைத்து வைப்பது
என் வேலை.
எனக்குக் குமிழ் கிடையாது.
மணிக்குப் பதினெட்டு டாலர்.

திரையில் கட்சி மாநாடு.
கூரை வலைக்குள் பலூன்கள்
தங்கள் முறைக்குக் காத்திருக்கின்றன.
ஆளுநர் வருகிறார், பச்சைக் கோட்டில்.
"நல்ல துணி" என்றாள் ஒருத்தி.
"விலையும் நல்ல விலைதான்" என்றாள் வெர்னா ஷிமான்ஸ்கி.
ரயில் எஞ்சின் ஆலையில்
முப்பத்தோரு வருடம் வெல்டிங் செய்தவள்.

திரைக்கு அடியில் கோடு
ஈரச் சாலையில் மண்புழுவாக நெளிந்து போகிறது.

"ஊரார் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு
என்னை வளர்த்தார் என் தாய்."
கோடு ஏறியது.
வெர்னா இடப்பக்கம் திருகினாள்:
"இதை எழுதின ராத்திரி
இவங்க சட்டைக்கு இஸ்திரி போட்டது யாரு?
அதைச் சொல்லட்டும்."
கூடம் சிரித்தது, கோடு சறுக்கியது.

குழந்தைக் காப்பகச் செலவைப் பாதியாக்குவாராம்.
மரிபெல் கொலோனின் குமிழ் அசையவில்லை.
அவள் மடியில் போன் மினுங்கிக்கொண்டிருந்தது.
பக்கத்து வீட்டில் விட்டுவந்த பையனுக்கு
காய்ச்சல் நூற்று ஒன்று, நூற்று இரண்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ
அவளைப் பற்றி எழுதிக்கொண்டார்:
ஆர்வமில்லை.

பள்ளி பஸ் ஓட்டும் டெல்ஃபின் ஹார்கிரோவ்
ஐந்து ஏற்றுவாள், ஐந்து இறக்குவாள்.
"எங்க தெருவுக்கு வர்றேன்னு
போன தடவையும் சொன்னாங்க.
நின்னாத்தானே அது ஸ்டாப்பு."

பிறகு வரிகளைப் பற்றிப் பேசும்போது
மாடத்திலிருந்து ஓர் ஆண்குரல்.
என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.
சொன்ன விதம் கேட்டது.
ஆளுநர் நிறுத்தினார்.
மைக்கிலிருந்து சற்றே விலகி
அந்தப் பக்கம் பார்த்தார்.
"நான் இன்னும் முடிக்கலை."

அந்த நேரம் கோடு ஊரவில்லை.
நெட்டுக்குத்தலாக நின்றது.
மரிபெல் தவிர இருபத்தேழு கட்டைவிரல்களும்
வலப்பக்கம்,
வெர்னாவுடையதும்.
யாரும் சிரிக்கவில்லை.
ஒருத்தி மூக்கை உறிஞ்சியது மட்டும்.

நாலு நொடி.
பிறகு இரும்பாலை, கொடி, கடவுள் ஆசி.
பலூன்கள் விழுந்தன. பாதி வலையிலேயே மாட்டிக்கொண்டன.
கோடு அறுபதில் படுத்துவிட்டது.

வாஷிங்டனிலிருந்து வந்த இளைஞன்
மார்க்கரைத் திறந்தான்.
"எந்தப் பகுதி பிடித்தது?"
"அந்தாளை உட்கார வெச்சது."
"அது உரையில் இல்லையே.
அச்சிட்டதில் எது?"
டெல்ஃபின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
அவன் அதற்குள்
அடுத்த தாளைப் புரட்டியிருந்தான்.

ஓட்டுப் போடுவேன், பதினொன்று.
மாட்டேன், ஒன்பது.
தெரியாது, எட்டு.
கோட்டை மாட்டிக்கொண்டே வெர்னா சொன்னாள்:
"எனக்கு அவங்களைப் பிடிக்காது. ஓட்டும் கிடையாது.
அந்த நாலு நொடி வேற கணக்கு."
மரிபெல் உறையை மறந்து ஓடினாள்.
வாகன நிறுத்தம் வரை துரத்திப்போய்க் கொடுத்தேன்.

கூடம் காலி.
ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன்.
குமிழ்களின் பள்ளத்தில் வியர்வை,
மயோனைஸ், கொஞ்சம் நகப்பூச்சு.
துடைத்து, ஐம்பதுக்குத் திருப்பி,
பெட்டியில் அடுக்க வேண்டும். அதுதான் விதி.

பதினாலாம் எண் திரும்பவில்லை.
நூறோடு நிற்காமல்
அதற்கப்பால் திருகப்பட்டு
உள்ளே ஏதோ முறிந்திருக்கிறது.
பதினாலு யாரென்று பட்டியலில் இருக்கும்.
நான் பார்க்கவில்லை.

பழுதுக்கான காரணம், என்று ஒரு கட்டம்.
வழக்கமாக 'தேய்மானம்' என்று எழுதுவேன்.
இன்று எழுதினேன்:
இரவு பத்து இருபத்திரண்டு.