முள் நிற்குமுன்

கடலூர் முதுநகர் துறைமுகம். விடிய இன்னும் அரைமணி.
ஏலக் கூடத்தில் தொங்கும் தராசில்
அஞ்சலாட்சி கூடையை மாட்டுகிறாள்.
முள் ஒன்பதுக்குப் பாய்கிறது,
ஐந்துக்கு விழுகிறது,
எட்டு,
ஆறு.
அது அடங்கட்டும் என்று யாரும் நிற்பதில்லை.
"ஆறே முக்கா!" என்கிறாள்.
அடுத்த கூடை.

பஸ் டிக்கெட்டின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
ஒன்பதுக்கும் ஐந்துக்கும் நடு ஏழு,
ஐந்துக்கும் எட்டுக்கும் நடு ஆறரை,
எட்டுக்கும் ஆறுக்கும் மறுபடி ஏழு.
நடுக்களுக்கு நடு:
ஆறே முக்கால். ஆறே முக்கால்.
அவள் கண்ணால் முடித்ததற்கு
எனக்கு டிக்கெட்டில் இடம் போதவில்லை.

போன வாரம் இரண்டாமாண்டு வகுப்பில்
இதையேதான் நடத்தினேன்.
நாலை ஒற்றைப்படை எண்களால் வகுத்துக்கொண்டே போ;
ஒன்றைக் கூட்டு, அடுத்ததைக் கழி.
முடிவில் பை இருக்கிறது. ஆனால் அந்தத் தொடர்
உப்பனாற்றில் எதிர்நீரில் வரும் படகு;
மூன்று தசமம் கரைசேர
ஆயிரக்கணக்கில் உறுப்புகள் துடுப்புப் போட வேண்டும்.
எட்டே எட்டோடு நிறுத்தி,
பக்கத்துப் பக்கத்துக் கூட்டுத்தொகையைச் சேர்த்துப் பாதியாக்கி,
மறுபடி பாதியாக்கி,
முக்கோணமாய்க் கீழே இறங்கினால்
நுனியில் நிற்கிறது 3.142.

கடைசி பெஞ்சில் தினகரவேல் எழுந்தான்:
"காத்திருக்காமலே வந்துடுதே மேடம், ஏமாத்து இல்லையா?"
இல்லை என்றேன். பிழை எப்படித் தேய்கிறது என்று
தெரிந்தால் போதும், மிச்சத்தைத் தாண்டிவிடலாம்.
சொல்லும்போதே தொண்டையில் ஏதோ தைத்தது.

என் பையில் ஜிப்மர் சீட்டுகள்.
இவருடைய கிரியாட்டினின்:
2.1. 2.6. 2.9.
ஏற்றம் குறையுது, பார்க்கலாம் என்றார் டாக்டர்.
எனக்கு மூன்று எண் போதும்.
முதல் வித்தியாசம் அரை, அடுத்தது பாயிண்ட் மூன்று;
வர்க்கமாக்கி, வகுத்து, சேர்த்தால் 3.35.
அங்கே போய் நின்றுவிடும்.
பஸ் ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் போட்டுவிட்டேன்.
அவர் ஜன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாலாவது சீட்டு நேற்று வந்தது.
3.8.

கணக்கில் தப்பில்லை.
நிற்பேன் என்று அந்த எண்கள்
என்னிடம் எப்போதும் சொன்னதில்லை.

"என்ன டீச்சர், சங்கராவா?"
அரைக் கிலோ. அவருக்கு இப்போதெல்லாம் ஒரு துண்டுதான்.
முள் ஆடத் தொடங்கியது.
அவள் வாய் திறக்குமுன்
"தானா நிக்கட்டும்" என்றேன்.

அஞ்சலாட்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
கூடையின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
"நிக்கிற வரைக்கும் பாத்துக்கினு இருந்தா
ஐஸ் உருகி
எடையே மாறிப்பூடும் டீச்சர்."