ஓடைக்கு இந்தப் பக்கம்

வலப்பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
பதினொரு சட்டங்களில் சூசமிர் மலைத்தொடர்.
முக்காலியின் ஒரு கால் குதிரைச் சாணியில்.

கேமரா திரும்பிய திசையிலேயே
பெக்துர் தன் பெண்குதிரையை நடத்திப் போனான்,
அவசரமே இல்லாமல்.

இரவு கூடாரத்தில்
படங்களை ஒட்டவைத்தால்
நான்கு பெக்துர், நான்கு குதிரை,
ஐந்தாவதற்கு வால் மட்டும்.

மூன்று பேரை அழித்தேன். வாலையும்.
பனிமுகடுகள் பிசிறில்லாமல் சேர்ந்துகொண்டன.

காலையில் புளித்த குதிரைப்பாலோடு வந்தவன்
திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தான்.
மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இது ஓடையைத் தாண்டிய பிறகு.
நொண்டுகிறாள், பார்.
ஓடைக்கு இந்தப் பக்கம்
நன்றாகத்தான் நடந்தாள்.
அது இருக்கிறதா?"

குப்பைத்தொட்டியைத் திறந்து
வரிசையெண்களைப் புரட்டுகிறேன்.
கிண்ணத்தை நீட்டியபடியே
நிற்கிறான்.