ஸ்வீடிஷுக்கும் தாய்க்கும் நடுவில்

டாண்டினாங்கில், டயர் கடைக்கும் ஆப்கன் ரொட்டிக் கடைக்கும் இடையே
எங்கள் ஸ்டிக்கர் கடை.
கோழித் தொழிற்சாலையில் விரல் மரத்த
இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு
எனக்கு இங்கே ஒரு நாற்காலி கிடைத்தது,
சக்கரம் வைத்தது.

வாங்கெலிஸ் முதலாளி. பேச்சு குறைவு.
ஒரு தாளை நீட்டினார்:
கீஸ்பரோ பிளம்பர் ஒருவருக்கு
வேனின் இரண்டு பக்கமும் மாக்பை வேண்டுமாம்,
போன செப்டம்பரில் அவர் மண்டையைக் கொத்திய அதே பறவை.
‘கோபமாக இருக்க வேண்டும்’ என்று அடியில் எழுதியிருந்தது.

பேனா என்று பெயர். ஆனால் எழுதாது.
சொடுக்கினால் புள்ளி, மறுபடி சொடுக்கினால் கோடு.
அலகு வளைய வேண்டிய இடத்தில்
எனக்கு வந்ததெல்லாம் முறுக்கிய கம்பி.
கோலம் போடுவாயே, இது வராதா
என்று போனில் கேட்டாள் வசுமதி.
எனக்குக் கோலம் வராது.
திருநின்றவூரில் நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி.

அப்போதுதான் பார்த்தேன்,
திரையின் வலது ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
தொட்டால் சின்னச் சன்னல்.
எந்தக் கருவியின் மேல் நிற்கிறேனோ
அதைப் பற்றி மட்டும் பேசும்.
பேனாவை விட்டுக் கத்தரிக்குப் போனால்
பேச்சை மாற்றும்.
எந்த ஊர், எத்தனை வருடம், என்ன விசா
ஒன்றும் கேட்காது.
நான் வந்ததிலிருந்து
நிற்கும் இடத்தைப் பார்த்து என்னிடம் பேசியவர்கள் குறைவு.
மெடிகேர் கவுண்டரில் கேட்டது ஒரு வரி,
கையில் வந்தது பன்னிரண்டு பக்கம்.

மொழியை மாற்றலாம் என்றது. பட்டியலை உருட்டினேன்.
ஸ்வீடிஷ்.
அடுத்தது தாய்.
நடுவில் மயிரிழை இடம்;
மவுஸின் அம்பு அங்கே கொஞ்ச நேரம் நின்றது.
தாய் இருக்கிறது. தாய்மொழிதான் இல்லை.

சரி, போகட்டும்.
ஆங்கிலத்திலேயே படித்து நானே பெயர் வைத்தேன்.
புள்ளியிலிருந்து இரு பக்கமும் நீளுமே, அது மீசை.
மீசையை இழுத்தால் கோடு வளையும்.
ஒரு பக்கத்து மீசையை மட்டும் முறுக்க ஆல்ட்.
புள்ளி குறையக் குறைய வளைவு வழுக்கும் என்றது சன்னல்.
சிக்கனம், என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கத்திப் பொறிக்கு அனுப்பினேன்.
வால் முனையில் பாதை மூடவில்லை,
நகக்கண் அளவுதான்.
கத்தி அந்த இடைவெளியை அப்படியே நம்பியது.
உரித்தபோது வாலும் வந்தது, சிறகும் வந்தது,
ஒரு மீட்டர் கறுப்பு வினைல்
என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
வாங்கெலிஸ் தலையைச் சொறிந்தார்,
காபி போடப் போனார்.
திட்டியிருக்கலாம்.

அம்பைத் திறந்த முனைமேல் வைத்தேன்.
‘முதல் புள்ளிக்கு வாருங்கள்.
பேனா அருகே சிறு வட்டம் தோன்றினால் சொடுக்குங்கள்.’
அவ்வளவுதான்.
அந்த வட்டம் முந்தாநாளும் தோன்றியிருக்கும்;
நான் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடியில் வழக்கமான கேள்வி:
இது உதவியதா? ஆம். இல்லை.
நேற்று உதவியிருக்கும் என்பதற்குப் பொத்தான் இல்லை.

எப்போது நடந்தது என்று தெரியவில்லை.
ஒரு பேக்கரிக்குக் கோதுமைக் கதிர் வரைந்துகொண்டிருந்தேன்.
குறிப்பு திறக்க அரை நொடி பிடிக்கும்;
அது வாய் திறப்பதற்குள் கை போய்விட்டது.
பாதிச் சொல்லோடு மூடிக்கொண்டது.
பாவமாக இருந்தது.
வேண்டுமென்றே திரும்பிப் போய் நின்று
முழுதாகப் பேச விட்டேன்.

நேற்று பிரின்ஸஸ் நெடுஞ்சாலையில்
பஸ் சிவப்புக்கு நின்றது. பக்கத்தில் அந்த வேன்.
மாக்பை கோபமாகத்தான் இருந்தது.
கழுத்தில் ஒரு புள்ளி அதிகம்,
எனக்குத் தெரியும்.
பச்சை விழுந்தது.